தாளில் உள்ள கோணல் கோடு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று என்னைப் பேசச் சொன்னார்கள். மாலையும் சால்வையும் கழுத்தை அழுத்த, நன்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் கலைந்த பிறகு, புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் டீ ஃபிளாஸ்க்குக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும் பழைய தாளைக் காட்டி, "மேடம், இது என்னங்க? தலைப்பும் இல்ல, தேதியும் இல்ல. நடுவுல யாரோ கோணலா ஒரு கோடு வேற போட்டிருக்காங்க" என்று கேட்டார். "பழைய குப்பை" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினேன். வீடு போய்ச் சேரும்வரை மனது ஆறவில்லை. கேட்டவருக்குப் பொய் சொல்லிவிட்டு எனக்கு என்ன ஓய்வு வேண்டிக்கிடக்கிறது?

ஆகவே எழுதுகிறேன். மென்பொருளைப் பற்றியெல்லாம் நான் சொல்ல ஒன்றுமில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். இது ஒரு நாளைப் பற்றியது, அந்த நாளில் நான் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியது.

நம் வேலை என்னவென்று என் தங்கை கேட்டபோது இப்படிச் சொன்னேன். உடம்புக்குள் நடப்பதை விதிகளாக எழுதுகிறோம். இது குறைந்தால் அது கூடும், அது கூடினால் இன்னொன்று நிற்கும் என்று. அந்த விதிகளின்படி என்னென்ன நடக்கலாமோ அத்தனையையும் கம்ப்யூட்டர் ஒன்றுவிடாமல் அலசும். நாம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து "இது எப்போதும் சரியா?" என்று கேட்டால் 'உண்மை' அல்லது 'பொய்' என்று பதில் சொல்லும். "அவ்வளவுதானா?" என்றாள் தங்கை. அவ்வளவுதான்.

எங்கள் பழைய தலைவர் ஒருவர் இருந்தார். வாயைத் திறந்தால் திட்டு, ஆனால் திட்டுக்குள் சரக்கு இருக்கும். அவர் அடிக்கடி சொல்வது: "பொய்னு சொன்னா அது வழியைக் காட்டும். எந்த நாள்ல, எந்தப் படியில தப்பு ஆச்சுன்னு வரிசையா அச்சடிச்சுக் கொடுக்கும். உண்மைனு சொன்னா ஒண்ணும் காட்டாது, வாயை மூடிக்கும். அதனால பொய் வந்தா நிம்மதியா வீட்டுக்குப் போ. உண்மை வந்தா உக்காந்து வேலை பாரு."

அவர் வைத்துவிட்டுப் போன வழக்கம்தான் இன்றைக்கும் நீங்கள் பார்க்கும் வர்க்கி வழக்கம். யாருடைய கணக்கில் 'உண்மை' வருகிறதோ அவர் கீழே பேக்கரிக்குப் போய் எல்லோருக்கும் மொறுமொறு வர்க்கி பிஸ்கட் வாங்கி வர வேண்டும். ஆனால் இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியும்வரை யாரும் தட்டைத் தொடக்கூடாது. இரண்டாவது கேள்வி இதுதான்: நாம் பயப்படுகிற அந்த நிலை இந்த விதிகளில் ஒருமுறையாவது வருகிறதா? தலைவர் இருந்தவரை வர்க்கி ஆறி அவலாகிப் போனாலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் எங்களைத் தின்னவிட்டதில்லை.

அவர் போன பிறகு நான் அந்த நாற்காலிக்கு வந்தேன்.

குன்னூருக்கு மேலே ஒரு எஸ்டேட். அந்த வருஷம் தேயிலைக் கொசு என்கிற பூச்சி மலை மலையாகத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. மருந்தடிக்கிற ஆட்கள் வாரத்தில் ஐந்து நாள் முதுகில் டேங்கோடு நின்றார்கள். அந்த வகை மருந்து கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் போனால், நரம்புகளைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஒரு நொதி ரத்தத்தில் குறையும். ஓய்வு கொடுத்தால் மெல்ல ஏறும், வாரக்கணக்கில். ஓர் அளவுக்குக் கீழே போனால் ஆபத்து. எஸ்டேட் ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா மாதாமாதம் அவர்கள் விரலில் குத்தி அளவு பார்த்துக்கொண்டிருந்தார். பரிசோதனை நாளில் பாதி வேலை கெடுகிறது, இந்த ஐந்து நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு என்ற முறையே போதுமா என்று கணித்துச் சொல்லுங்கள், போதுமென்றால் சீசன் முடியும்வரை பரிசோதனையை நிறுத்திவைக்கலாம் என்று மேனேஜர் எங்களிடம் வந்தார்.

நானும், மேட்டுப்பாளையத்துக்காரரான என் சக ஊழியர் ரவியும் எஸ்டேட்டுக்குப் போனோம். மருந்தடிப்பவர்களுக்குத் தலைவர் மருதமுத்து. சின்னப் பிள்ளையில் இலங்கையின் கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு வந்தவர், ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். நான் நோட்டும் கையுமாக ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, நிரப்பிய டேங்கை என் முன்னால் வைத்தார்.

"ஒரு தரம் தூக்கிப் பாருங்கம்மா. கம்ப்யூட்டருக்கு இதோட கனம் தெரியணுமில்ல."

தூக்கினேன். நாலு அடி நடந்ததும் தள்ளாடினேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்காமல் பின்னால் வந்து டேங்கைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

விதிகளை எழுதினோம். கேட்க வேண்டிய வாக்கியம்: 'ஓர் ஆளின் நொதி ஆபத்துக் கோட்டுக்குக் கீழே போனால், அது மறுபடி மேலே வரும்வரை அவர் மருந்தடிக்க அனுப்பப்பட மாட்டார்.' இரண்டு நாள் ஓடி 'உண்மை' என்று வந்தது. அன்று நல்ல மழை. ரவி நனைந்துகொண்டே போய் வர்க்கி வாங்கி வந்தார். காகிதத்தைப் பிரித்ததும் ஆவி பறந்தது. மேனேஜர் அறிக்கைக்காக இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். ரவி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டாவது கேள்விங்க மேடம்?" என்றார்.

"அதுக்கு வேற ரெண்டு நாள் ஓடணுமா? சாப்பிடுப்பா, ஆறிடும்" என்றேன்.

இரண்டு நாள் ஆகாது என்று எனக்குத் தெரியும். கேட்க அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். சூடான வர்க்கிக்கு நான் எங்கள் பழைய தலைவரை விற்றுவிட்டேன்.

மறுநாள் எஸ்டேட் அலுவலகத்தில் அறிக்கையைக் கொடுத்தபோது டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பரிசோதனையை நிறுத்தக் கூடாது என்றார். அப்போது நான் சொன்ன வார்த்தையை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. "டாக்டர், உங்க ஊசி மாசத்துக்கு ஒரு நாள், ஒரு விரலைப் பார்க்குது. இது வரக்கூடிய எல்லா நாளையும் பார்த்தாச்சு" என்றேன்.

"பார்த்திருக்கும்ங்க" என்றார் அவர். "ஆனா அதைக் குத்துனா ரத்தம் வருமான்னு எனக்குத் தெரியலீங்க."

மேனேஜர் சிரித்தார். பரிசோதனை நின்றது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலை பத்து மணி இருக்கும், டாக்டரம்மாவின் போன் வந்தது. குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் என்னை முதலில் பயமுறுத்தியது.

"ஏனுங்க மேடம், மருதமுத்துவைத் தூக்கிட்டு வந்திருக்காங்க. இந்தக் குளிர்ல வேர்த்து ஊத்துது, வாயில எச்சி நிக்காம வடியுது. கண்மணி ரெண்டும் குண்டூசி முனையாட்டச் சுருங்கிக் கெடக்குது. விஷமுறிவு ஊசி போட ஆரம்பிச்சுட்டேன், பொழைப்பாரான்னு இப்பச் சொல்ல முடியாதுங்க. உங்க அறிக்கைப்படி இது வராது. ஆனா வந்திருக்குது."

டேங்கை முதுகில் மாட்டியபோது தோளில் பட்ட ஈரமும் அந்த வாடையும் அப்படியே திரும்ப வந்தன. அடுத்த நிமிஷம் மேனேஜர் கூப்பிட்டார்.

"மேடம், டாக்டர் என்னென்னமோ சொல்றாங்க. மத்த ஆளுங்க எட்டாம் நம்பர் ஃபீல்டுல அடிச்சுக்கிட்டிருக்காங்க. இறக்கணுமா? உங்க ரிப்போர்ட் சரிதானே?"

"பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்றேன்.

இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். ஓர் ஆள் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார். அவரோடு அதே மருந்தை அதே நாட்கள் அடித்தவர்கள் மலையில் நிற்கிறார்கள். நிறுத்தச் சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

ரவிதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மேடம், மொதல்ல அவங்களை எறக்கச் சொல்லிடலாமுங்களா? தப்பை அப்புறம் தேடிக்கலாமுங்க."

"என்ன காரணம் சொல்றது?" என்று எரிந்து விழுந்தேன். "காரணம் இல்லாம இறக்கச் சொன்னா நாளைக்கு நம்ம ஆபீஸை யார் நம்புவாங்க?"

தவறு ரத்த அளவுகளில் இருக்கும் என்று தேடினேன், இல்லை. வேலை நாட்களை மாற்றி எழுதிவிட்டோமா என்று பார்த்தேன், சரியாக இருந்தது. எஸ்டேட்டில் முறையை மீறி ஏழு நாளும் அனுப்பியிருப்பார்கள் என்றுகூட நினைத்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மேனேஜர் அரை மணிக்குள் இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் "பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்றேன். அப்படியே மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது.

வேறு வழியில்லாமல்தான் கடைசியில் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். இந்த விதிகளின்படி ஓர் ஆளின் நொதி எப்போதாவது ஆபத்துக் கோட்டுக்குக் கீழே போகுமா?

பதில் வர ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஒருபோதும் போகாது என்றது.

திரையில் அந்த வரியை மறுபடி படித்தேன். யானை வந்தபோதெல்லாம் கேட்டை மூடினேன் என்று மசினகுடியில் ஒரு ரிசார்ட் வாட்ச்மேன் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்யலாம். யானையே வராத பக்கத்துக் கேட்டில் அவரை நிறுத்தியிருந்தால் அந்தச் சத்தியத்தில் துளிப் பொய் இல்லை. என் அறிக்கையின் 'உண்மை' அந்த வகை உண்மை. 'கீழே போனால் நிறுத்துவோம்.' கீழேயே போகாத ஒரு ஆளை நான் கம்ப்யூட்டருக்குள் செய்து வைத்திருந்தேன்.

எப்படிச் செய்தேன் என்பதும் அப்போதே கண்ணில் பட்டது. நொதியின் அளவைப் பத்துப் படிகளாகப் பிரித்திருந்தேன். ஒரு நாள் மருந்தடித்தால் முக்கால் படி இறங்கும். அரை, முக்கால் எல்லாம் என் விதிகளில் கிடையாது, அதனால் ஒரு படி என்று எழுதினேன். கூட்டித்தானே எழுதுகிறேன், பாதுகாப்பு என்று பெருமை வேறு. ஓர் இரவு ஓய்வில் ஏறுவது துளி. அதைச் சுழி என்று எழுதினால் அந்த ஆள் தேறவே மாட்டார், அது தப்பல்லவா? அதையும் ஒரு படி ஆக்கினேன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் பகலில் ஒரு படி இறங்குகிறவர் விடிவதற்குள் ஒரு படி ஏறிவிடுகிறார். என் மருதமுத்து தினமும் காலையில் புத்தம் புதிதாக எழுந்து வேலைக்குப் போனார். நிஜ மருதமுத்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தார்.

மேனேஜரைக் கூப்பிட்டேன், சிக்னல் இல்லை. ரவி ஜீப்பை எடுத்தார். மேலே போகும் வழியெல்லாம் இப்போது எத்தனை பேர் விழுந்திருப்பார்கள் என்று மட்டும் மனது எண்ணிக்கொண்டே வந்தது.

காலையில் ஆள் கணக்கு எடுத்து வேலை பிரிக்கும் கொட்டகையை அங்கே பெரட்டுக் கொட்டகை என்பார்கள். அதன் வாசலில் டேங்குகள் வரிசையாக நின்றன. மருந்தடிப்பவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் அவர்களை இறக்கிவிட்டார் என்று நினைத்து எனக்கு உயிர் வந்தது. "நான் இறக்கலை மேடம். நீங்க சொல்லுவீங்கன்னு வெயிட் பண்ணிக்கிட்டிருந்தேன்" என்றார் அவர்.

இறக்கியது புஷ்பம், மருதமுத்துவின் மனைவி. பக்கத்து ஃபீல்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். புருஷன் விழுந்த செய்தி வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடாமல் நேரே எட்டாம் நம்பருக்கு ஏறியிருக்கிறார். நான் போனபோது கூடையைக்கூடத் தலையிலிருந்து கழற்றாமல் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றார்.

"அவரைப் பாக்க டாக்டரம்மா இருக்காங்க. இவங்களை யாரு பாக்குறது?" என்றார். "டேங்கை எறக்குங்கன்னேன். மேனேஜர் தொரை இன்னும் சொல்லலையேன்னானுங்க. அப்ப என் மேலயும் அடிச்சுக்கிட்டே போங்கன்னு முன்னால போயி நின்னேன்."

அப்போது மணி பதினொன்று இருக்குமாம். நான் ரத்த அளவுகளைத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்த நேரம்.

டாக்டரம்மா ஊசியோடு வந்து ஒவ்வொருவர் விரலாகக் குத்தினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், பார்க்க வேண்டும் என்று நின்றேன். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்: கீழே. கீழே. இவரும் கீழே. ஒருவருக்கும் மேலே இல்லை. கடைசியில் இருந்தவருக்குக் கண் இமை தானாகத் துடித்தது. அவர் அதைக் குளிர் என்று சொல்லிச் சிரித்தார். டேங்குகளுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பஞ்சை எடுத்து அடுத்த விரலைத் துடைத்தார்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே மேனேஜரிடம் சொன்னேன். "ரிப்போர்ட் தப்பு சார். முழுசாத் தப்பு. கையெழுத்து போட்டது நான்." அதைச் சொல்ல எனக்கு ஒரு வினாடிதான் பிடித்தது. காலை பத்து மணிக்கும் அதே ஒரு வினாடிதான் பிடித்திருக்கும்.

மருதமுத்து பிழைத்தார். மற்றவர்களை மருந்துப் பக்கமே விடாமல் களையெடுப்புக்கு மாற்றினார்கள். பரிசோதனை மறுபடி தொடங்கியது, மாதத்துக்கு ஒன்று என்பது இரண்டானது. நம் அலுவலகத்துக்குக் கொஞ்ச காலம் யாரும் வேலை கொண்டு வரவில்லை. வராததுதான் நியாயம்.

நானும் ரவியும் விதிகளைத் திருத்தினோம். படிகளைப் பொடிப்பொடியாக்கி அதே வாக்கியத்தை, அதே ஐந்து நாள் முறையை வைத்துக் கேட்டோம். இந்த முறை 'பொய்' என்றது. வழக்கம்போல வழியையும் அச்சடித்துக் கொடுத்தது: நாளுக்கு ஒரு வரி, வேலையா ஓய்வா, அன்றைக்கு நொதி எவ்வளவு. எஸ்டேட்டின் பெரட்டுப் புத்தகத்தை வாங்கி மருதமுத்துவின் பெயருக்கு நேரே வைத்துப் பார்த்தேன். வரிக்கு வரி அவருடைய நாட்கள். அவர் விழுந்த நாளுக்கு ஒன்பது வரி முன்னாலேயே அளவு கோட்டுக்குக் கீழே போயிருந்தது.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போனேன். மன்னிப்பு கேட்கப் போனேன். கேட்கத் தெரியாமல் தாளை நீட்டினேன். புஷ்பம் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு வரியும் என்னவென்று விளக்கினேன். மருதமுத்து விரலை வைத்து மேலிருந்து மெல்ல இறங்கி வந்தார்.

"இதுல எந்த நாளும்மா நான் கோட்டுக்குக் கீழ போனது?"

காட்டினேன். அவர் என்னிடம் பேனா கேட்டு வாங்கினார். அந்த வரிக்கு அடியில் கோடு போட்டார். கை நடுங்கியது. அந்த நடுக்கம் பிறகும் அவரை விட்டு முழுதாகப் போகவில்லை. சுவரில் நீங்கள் பார்த்த கோணல் கோடு அதுதான்.

"அன்னிக்குத்தாம்மா சட்டைப் பொத்தானைப் போட முடியல" என்றார். "இவதான் போட்டுவிட்டா."

புஷ்பம் தலையசைத்தார்.

"அப்பவே டாக்டரம்மாகிட்ட போயிருக்கலாமே, ஏன் போகல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

"தொரை பெரட்டுல வாசிச்சாரேம்மா. கம்ப்யூட்டர் எல்லா நாளையும் பாத்துருச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு. எழுதுனது யாருன்னும் சொன்னாரு. அட, நம்ம டேங்கைத் தூக்கிப் பாத்த அம்மாவான்னு நெனச்சேன். அவங்க பாத்தா சரியாத்தான் இருக்கும், என் கைதான் பொய் சொல்லுதுன்னு விட்டுட்டேன்."

தாளை வாங்கிக்கொண்டு வந்து ஃபிளாஸ்க்குக்கு மேலே ஒட்டினேன். அதைக் கழற்றாதீர்கள். உங்களுக்கு 'உண்மை' வரும் நாளில், வர்க்கித் தட்டை அதற்கு நேர் கீழே வையுங்கள்.